ஜோசப் மரீ ஜக்கார்

ஜோசப் மரீ ஜக்கார் (ஜூலை 7, 1752 - ஆகஸ்ட் 7, 1834) பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த நெசவாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். துணியில் நெய்யப்படவேண்டிய பூவேலையைத் துளையிட்ட அட்டைகளிலிருந்து வரிசையாகப் படித்து, அதற்கேற்பப் பாவு நூல்களை உயர்த்தும் பொறியை இவர் 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். இப்பொறி இவர் பெயராலேயே ஜக்கார்டு என்று அழைக்கப்படுகின்றது. ஒரு பொறி செய்யவேண்டிய வேலையைப் பொறியின் உடலிலிருந்து பிரித்து, தனியே கழற்றி மாற்றத்தக்க ஓர் ஊடகத்தில் பதிந்து வைப்பது என்னும் எண்ணம் தொழிற்சாலை அளவில் நிலைபெற்றது இப்பொறியினால்தான். இக்காரணத்தால் நெசவுத் தொழில் வரலாற்றில் மட்டுமன்றிக் கணிமையின் வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

பெயர்

இவரது குடும்பப் பெயர் சார்ல் என்பதாகும். ஒரே பெயரில் பல கிளைகள் இருந்தமையால், இவரது கிளையினரை வேறுபடுத்திக் காட்ட ஜக்கார் என்ற பட்டப்பெயர் வழங்கியது. பின்னர் அதுவே நிலைத்துவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும் ஒரு வழக்கத்தின்படி இதனை ழக்கார் என்றும் எழுதலாம். தமிழ்நாட்டு நெசவாளர் பேச்சில் வழங்கும் ஜக்கார்டு என்ற சொல் ஆங்கில ஒலிப்பின் வழியாக வந்ததாகும்.

பிறப்பும் இளமைக் காலமும்

ஜக்கார் லியோன் நகரில் ஒரு கத்தோலிக்க நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். புதுச்சேரியில் டூப்ளே ஆளுநராக இருந்த காலம் அது. தந்தை தேர்ந்த நெசவாளர். சொந்தமாகத் தறிகள் வைத்துப் பட்டு நெய்துவந்தார். ஒன்பது பிள்ளைகளுள் ஜக்காரும் ஒரு தமக்கையும் மட்டுமே வளர்ந்து பெரியவராயினர்.

இவர் பள்ளிக்குச் செல்லவில்லை. 13 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவராகவே இருந்தார். பின்னர் தமக்கையின் கணவரும் அச்சகம் நடத்தியவருமான ழான் மரீ பரே இவருக்குக் கல்வி புகட்டினார். தாய் 1762இலும் தந்தை 1772இலும் காலமாயினர். வீடு, தறிகள், ஒரு திராட்சைத் தோட்டம், கற்சுரங்கம் ஆகியன ஜக்காருக்கு வந்து சேர்ந்தன. 1778இல் குளோதீன் புவாசோன் என்ற கைம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டில் இவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

தொழில் நடத்துவதில் ஜக்கார் வெற்றி பெறவில்லை. கடனும் வழக்குகளும் பெருகி, தந்தையின் சொத்தையும் மனைவியின் சொத்தில் பெரும்பகுதியையும் இழந்தார். லியோனுக்கு அருகிலுள்ள ஊலான் என்ற ஊரில் இருந்த வீடு மட்டுமே எஞ்சியது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலம்

1793ஆம் ஆண்டில் லியோன் நகரம் பாரிசில் இருந்த புரட்சி அரசை எதிர்த்து நின்றது. முற்றுகைக்குப் பின் நகரம் வீழ்ந்தபோது ஜக்கார் மகனுடன் தப்பிச் சென்றார். இருவரும் வேறு பெயர்களில் புரட்சிப் படையிலேயே சேர்ந்தனர். பின்னர் நடந்த போரில் மகன் கொல்லப்பட்டான். இவர்களது ஒரே பிள்ளை அவனேயாவான். அதன்பின் ஜக்கார் லியோனுக்குத் திரும்பினார். ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், சொத்தும் பிள்ளையும் இன்றி, தறிகளைச் சீர்திருத்தும் முயற்சியில் முழுமையாக ஈடுபட்டார். இவர் பெயர் சொல்லும் பணிகள் அனைத்தும் இதன் பின்னரே நடந்தன.

இழுவைத் தறியும் அதன் சிக்கலும்

எளிய துணியை நெய்யும்போது, பாவு நூல்களில் ஒன்றுவிட்டு ஒன்றை உயர்த்தி, இடையே நாடாவைச் செலுத்தினால் போதும். பூவேலை வேண்டுமாயின் ஒவ்வோர் ஊடை நூலுக்கும் வெவ்வேறு பாவு நூல்களை உயர்த்தவேண்டும். ஜக்காருக்கு முன்னர் இதற்குப் பயன்பட்டது இழுவைத் தறி ஆகும். நெசவாளர் கீழே அமர்ந்து நெய்ய, உதவியாள் ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுவர், உரிய கயிறுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டிருப்பார். கனமான கயிறுகளை நாள் முழுவதும் இழுக்கும் இவ்வேலை உடலை வருத்துவதாக இருந்தது. ஒரு கயிறு தவறினால் பூவும் தவறிவிடும்.

வாரணாசியில் இதே முறை ஜாலா எனப்பட்டது. அங்கு நக்‌ஷாபந்த் எனப்பட்ட வல்லுநர்கள், வரைந்த பூவைப் பார்த்து நூல்களை முடிச்சிட்டு நக்‌ஷா என்ற நூல் தொகுதியை உருவாக்கினர். காஞ்சிபுரத்தில் அடை எனப்படும் நூற்கட்டு முறை இருந்தது. இவையெல்லாம் பூவின் வடிவத்தை நூலில் பதிந்து வைக்கும் முறைகளே. எனினும் அந்தப் பதிவு தறியோடு கட்டப்பட்டிருந்தது. அதனை எடுத்துவிட்டு வேறு பூவிற்குத் தறியை மாற்றப் பல நாட்கள் தேவைப்பட்டன. பூவைப் படித்து நூலை இழுப்பதற்கு ஓர் ஆளும் தேவைப்பட்டார்.

முன்னோடிகள்

துளைகளைக் கொண்டு தறியை இயக்கும் எண்ணம் ஜக்காருடையது அன்று. லியோனைச் சேர்ந்த பசீல் பூசோன் 1725இல் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். ழான் பத்தீஸ்த் ஃபல்கோன் 1728இல் காகிதச் சுருளுக்குப் பதிலாக ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அட்டைகளைக் கொண்டுவந்தார். சுருள் கிழிந்தால் முழுவதும் வீணாகும். அட்டை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஆயினும் இவ்விரு தறிகளிலும் உதவியாள் தேவைப்பட்டார். தானியங்கிப் பொம்மைகளால் புகழ்பெற்ற ழாக் த வோக்கன்சோன் 1740களில் உதவியாள் இன்றியே நூலைத் தெரிவு செய்யும் தறியை அமைத்தார். அது செலவு மிக்கதாகவும் பெரிய பூக்களுக்குப் பொருந்தாததாகவும் இருந்தமையால் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஜக்கார் 1801இல் பாரிசு பொருட்காட்சியில் தமது தறி ஒன்றுக்காக வெண்கலப் பதக்கம் பெற்றார். வலை பின்னும் பொறி ஒன்றையும் இவர் உருவாக்கினார். இதன் பயனாகப் பாரிசுக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்த கலை மற்றும் கைத்தொழில் காப்பகத்தில் பணியாற்றும் வாய்ப்பைப் பெற்றார். கைவிடப்பட்ட வோக்கன்சோனின் தறி அங்குதான் இருந்தது. ஃபல்கோனின் அட்டைத் தொடரையும் வோக்கன்சோனின் தானியக்கத்தையும் ஒன்றிணைத்து, நாள்தோறும் நெய்யும் ஒருவர் தாமே இயக்கத்தக்க பொறியாக ஆக்கியதே ஜக்காரின் பங்களிப்பாகும்.

பொறி செயற்படும் முறை

ஜக்கார்டு என்பது தனித் தறி அன்று. தறியின் மேல் பொருத்தப்படும் ஒரு பெட்டி ஆகும். பெட்டிக்குள் செங்குத்தான கொக்கிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கொக்கியின் கீழும் பாவு நூல்களை உயர்த்தும் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கொக்கியையும் ஒரு கிடைமட்ட ஊசி பற்றியிருக்கும். ஊசிகளின் முனைக்கு எதிரே நான்கு பக்கங்களும் துளைகளும் கொண்ட ஓர் உருளைக்கட்டை உண்டு. அதன்மீது அட்டைத் தொடர் செல்லும்.

நெசவாளர் மிதியை அழுத்தும்போது கட்டை அட்டையை ஊசிகளின்மீது அழுத்தும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதன் கொக்கி நேராக நிற்கும். மேலெழும் கத்தி அதனைப் பற்றித் தூக்கும். பாவு நூல் உயரும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்தள்ளும். கொக்கி கத்தியிலிருந்து விலகும், நூல் உயராது. பின்னர் கட்டை கால் சுற்றுச் சுழன்று அடுத்த அட்டையைக் கொண்டுவரும். ஓர் அட்டை என்பது ஓர் ஊடை நூல் ஆகும். கடைசி அட்டையை முதல் அட்டையுடன் கோத்துவிட்டால் பூ மீண்டும் மீண்டும் வரும். பிழை நேர்ந்தால் தொடரைப் பின்னோக்கிச் சுழற்றி, நெய்ததைப் பிரித்து, மீண்டும் நெய்யலாம்.

வேறு பூ வேண்டுமெனில் அட்டைத் தொடரைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் போதும். பெட்டியில் எந்த மாற்றமும் தேவையில்லை.

காப்புரிமையும் எதிர்ப்பும்

1805 ஏப்ரலில் பேரரசர் நெப்போலியன் லியோனுக்கு வந்து இப்பொறியைப் பார்வையிட்டார். காப்புரிமை ஜக்காருக்கு அன்றி லியோன் நகரத்துக்கு வழங்கப்பட்டது. ஈடாக ஜக்காருக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு வாழ்நாள் ஓய்வூதியமும், 1811 வரை விற்கப்படும் ஒவ்வொரு பொறிக்கும் 50 பிராங்கும் அளிக்கப்பட்டன. இதனால் எந்தத் தச்சரும் இப்பொறியைச் செய்யவும் திருத்தவும் இயன்றது. அட்டைகளை நகர்த்தும் பகுதியில் இருந்த குறைகளை ழான் அந்துவான் பிரெத்தோன் என்பவர் சீர்செய்தார். 1815க்குப் பின்னரே விற்பனை பெருகியது. இன்று ஜக்கார்டு என்று அறியப்படும் பொறி இவர்கள் எல்லோருடைய உழைப்பும் சேர்ந்தது எனலாம்.

புதிய பொறியினால் நூல் இழுப்போரின் வேலை இல்லாமற் போனது. நெசவாளர் பலர் இதனை எதிர்த்தனர். பொறியைத் தெருவில் உடைத்து எரித்ததாகவும் ஜக்கார் தாக்கப்பட்டதாகவும் கூறும் நிகழ்ச்சிகள் இவர் இறந்த பின் எழுதப்பட்ட வரலாறுகளால் பரவின. கானு எனப்பட்ட லியோன் பட்டு நெசவாளர்களின் 1831, 1834ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகள் சில வேளைகளில் இப்பொறிக்கு எதிரானவையாகக் காட்டப்படுகின்றன. இது சரியன்று. அவை நெய்கூலிக்காக நடந்தவை. அக்காலத்தில் கானுக்களே ஜக்கார்டு தறிகளில் நெய்துவந்தனர். பெட்டியைத் தறியின்மீது ஏற்றவேண்டியிருந்தமையால், அவர்கள் வாழ்ந்த குருவா ரூஸ் குன்றின் வீடுகள் ஏறத்தாழ 4 மீட்டர் உயரக் கூரையுடன் கட்டப்பட்டன. அவ்வீடுகளை இன்றும் காணலாம்.

வேலை அடியோடு மறைந்தது என்றும் கூறவியலாது. வரைந்த பூவைக் கட்டமிட்ட தாளுக்கு மாற்றுதல், அட்டையில் துளையிடுதல், அட்டைகளைக் கோத்தல் எனப் புதிய தொழில்கள் தோன்றின. ஆனால் வேலை இழந்த சிறுவருக்கு அவை கிடைத்தன என்று கொள்ள முடியாது.

இறுதிக் காலம்

1819இல் பிரெஞ்சு அரசு லெஜியன் தானர் என்னும் உயர் விருதை ஜக்காருக்கு அளித்தது. இறுதி ஆண்டுகளை ஊலானில் கழித்த இவர் 1834இல் தமது 82ஆம் அகவையில் அங்கேயே காலமானார். 1840இல் லியோன் நகரில் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1839இல் மிஷேல் மரீ கர்க்கியா என்ற நெசவாளர் ஜக்காரின் உருவத்தை அவரது பொறியிலேயே பட்டில் நெய்தார். இதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்ப்பவர் செதுக்கி அச்சிட்ட ஓவியம் என்று எண்ணுமளவுக்கு அது நுணுக்கமானது.

கணிமையில் தாக்கம்

அந்தப் பட்டு உருவப்படம் ஒன்றை வைத்திருந்தவர்களுள் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லசு பாபேச்சும் ஒருவர். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கு ஆணைகளை அளிக்க 1836இல் இவர் ஜக்காரின் அட்டைகளைத் தேர்ந்துகொண்டார். என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒரு தொடரும், எந்த எண்களைக் கொண்டு என்பதற்கு வேறொரு தொடரும் அதில் இருந்தன. அப்பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஒலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். ஆனால் அவ்வட்டைகளில் இருந்தவை தரவுகள், ஆணைகள் அல்ல.

1940களில் இருவகைப் பொறிகளும் அருகருகே இருந்தன. எனியாக் கணினியில் தொடக்கத்தில் வேலையை மாற்றக் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகவேண்டியிருந்தது. இது இழுவைத் தறியைப் போன்றது. 1944இல் இயங்கத் தொடங்கிய ஆர்வர்ட் மார்க் 1 தனது ஆணைகளைத் துளையிட்ட காகித நாடாவிலிருந்து படித்தது. இது ஜக்கார்டின் வழியில் வந்தது. ஆணைகளுக்கும் தரவுகளுக்கும் தனித்தனி நினைவகங்களை வைக்கும் அமைப்புக்கு ஆர்வர்ட் கட்டமைப்பு என்ற பெயர் அப்பொறியினால் வந்ததே.

நுண்கட்டுப்படுத்தியுடன் ஒப்பீடு

இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 வரிசை நுண்கட்டுப்படுத்திகள் ஆர்வர்ட் கட்டமைப்பைச் சார்ந்தவை. இவ்வரிசையில் 8031 என்ற சில்லுக்குள் நிரல் நினைவகம் கிடையாது. நிரல் முழுவதும் வெளியே உள்ள வேறொரு நினைவகச் சில்லில் இருக்கும். அது படிக்கப்படும் முறை பின்வருமாறு:

1. அடுத்து வரவேண்டிய ஆணையின் முகவரியை நிரல் எண்ணி என்ற 16 இரும எண்களைக் கொண்ட பதிவகம் வைத்திருக்கும். இதனால் 65,536 பைட்டுகள் வரை முகவரியிடலாம்.

2. முகவரியின் மேற்பாதி இரண்டாம் துறை வழியாகவும், கீழ்ப்பாதி சுழியத் துறை வழியாகவும் வெளிவரும்.

3. சுழியத் துறையின் அதே எட்டுக் கம்பிகள் வழியாகவே ஆணையும் திரும்பி வரவேண்டும். ஆகையால் ஏஎல்இ என்ற குறிப்பலை முகவரியின் கீழ்ப்பாதியை லாட்ச் எனப்படும் இடைச்சில்லில் பிடித்து நிறுத்தும்.

4. பின்னர் பிஎஸ்இஎன் என்ற குறிப்பலை தாழும்போது நினைவகச் சில்லு அந்த முகவரியில் உள்ள பைட்டைச் சுழியத் துறையில் இடும். நுண்கட்டுப்படுத்தி அதனைப் படித்துக்கொள்ளும்.

5. நிரல் எண்ணி ஒன்று கூடும். அடுத்த பைட்டு படிக்கப்படும்.

நினைவகச் சில்லு அட்டைத் தொடரையும், நிரல் எண்ணி சுழலும் கட்டையையும், பிஎஸ்இஎன் குறிப்பலை அட்டை ஊசிகளின்மீது அழுந்தும் கணத்தையும் ஒத்தவை. 1980களில் பெரிதும் பயன்பட்ட ஈப்ரம் வகைச் சில்லைப் புறவூதாக் கதிரில் அழித்து மீண்டும் எழுதலாம். சில்லைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் அதே மின்சுற்றுப் பலகை வேறு வேலையைச் செய்யும்.

அளவையும் ஒப்பிடலாம். 400 கொக்கிகள் கொண்ட பெட்டியின் ஓர் அட்டையில் 400 இரும எண்கள், அதாவது 50 பைட்டுகள் உள்ளன. 8031 முகவரியிடத்தக்க முழு நினைவகத்திலும் இத்தகைய அட்டைகள் சுமார் 1,310 மட்டுமே அடங்கும். கர்க்கியா நெய்த உருவப்படத்தின் அட்டை ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளையிடங்கள் இருந்தன. எனவே அதற்கு ஏறத்தாழ 30 லட்சம் பைட்டுகள் வேண்டும்.

முக்கியமான வேறுபாடு ஒன்றும் உண்டு. நிரல் எண்ணி, கணக்கின் விளைவைப் பார்த்து வேறு முகவரிக்குத் தாவ வல்லது. ஜக்கார்டின் கட்டை வரிசைப்படி மட்டுமே செல்லும். நெய்த துணியைப் பார்த்து அடுத்த அட்டையைத் தெரிவு செய்ய அதற்கு இயலாது. ஆகவே ஜக்கார்டைக் கணினி என்று கூறுவது பொருந்தாது. நிரலை வெளியே வைத்துப் படிக்கும் முறைக்கு முன்னோடி என்று கூறுவதே பொருந்தும். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. 2021இல் வெளிவந்த ஆர்பி2040 என்ற நுண்கட்டுப்படுத்தி, தன்னுள் ஃபிளாஷ் நினைவகம் இல்லாமல், வெளியே உள்ள சில்லிலிருந்தே பயனரின் நிரலைப் படிக்கின்றது.

தமிழ்நாட்டில் ஜக்கார்டு

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், ஆரணி முதலிய நெசவு ஊர்களில் கைத்தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியும் அதிலிருந்து தொங்கும் அட்டைத் தொடரும் காணப்படும். சேலையின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றின் பூவேலைகள் முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்பட்டு, கட்டத்துக்கு ஒரு துளை என்ற கணக்கில் அட்டைக்கு மாற்றப்படுகின்றன. ஊடை நூல் ஒன்றுக்கு ஓர் அட்டை என்பதால், நீளமான முந்தானைக்கு அட்டைகளும் மிகுதியாக வேண்டும். அவற்றின் செலவும் எடையும் சிறு நெசவாளருக்குச் சுமையாகும். ஈரத்தில் தளர்ந்த அட்டையும், அடைபட்ட துளையும் பூவில் பிழையாகத் தெரியும்.

1983இல் இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை அறிமுகப்படுத்தியது. இதில் அட்டைக்கும் ஊசிக்கும் பதிலாக மின்காந்தங்கள் கொக்கிகளைத் தெரிவு செய்கின்றன. பூவேலை ஒரு கோப்பாக நினைவகத்தில் இருக்கும். கட்டுப்பாட்டுப் பலகை அதனை வரி வரியாகப் படிக்கும். இவ்வகைப் பெட்டிகள் தமிழ்நாட்டுத் தறிகளுக்கும் வந்துள்ளன. பூவேலையைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று தறியில் செருகுவது இன்று வழக்கமாகி வருகின்றது. அட்டையிலிருந்து நினைவகச் சில்லுக்குச் சென்ற முறை இவ்வாறு மீண்டும் தறிக்கே வந்து சேர்ந்துள்ளது. லியோனில் நூல் இழுத்த சிறுவருக்கு நேர்ந்ததைப் போலவே, அட்டையில் துளையிட்டுக் கோத்து வாழ்ந்தவர்களின் தொழில் இதனால் குறைந்து வருகின்றது.